பெயர்ப்பலகைக்குக் கையெழுத்துப் போட முன்: யாழ்ப்பாணத்து விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் விடுதி நடத்துபவர்களுக்கும், ஊர்க் காணியில் விடுதி கட்டிக்கொண்டிருக்கும் புலம்பெயர் உறவுகளுக்கும்,

வணக்கம். நான் ஒரு கணக்காளர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, 401 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். முதலில் இரவுக் கணக்கு, பிறகு முழுக் கணக்கும். இப்போது கொக்குவிலில் இருந்துகொண்டு மூன்று சிறிய விடுதிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கிறேன். அண்மையில் வெளிநாட்டு ஹோட்டல் பிராண்டுகளின் பிரான்சைஸ் ஒப்பந்த வரைவுகள் இரண்டு என் மேசைக்கு வந்தன. இரண்டு உரிமையாளர்களும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "ராயல்டி, அதாவது பெயருக்கான கட்டணம், எத்தனை வீதம்?" ஒரு மாதக் காசு பிந்தினால் என்ன நடக்கும், அவர்கள் வெட்டிவிட்ட முன்பதிவுச் சேவையை எப்படித் திரும்பப் பெறுவது என்று இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

பிரான்சைஸ் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். காணி உங்களுடையது, கட்டடம் உங்களுடையது, வங்கிக் கடனும் உங்களுடையது. வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் நீங்கள்தான். பிராண்டு தருவது பெயர், அந்தப் பெயருக்குரிய தர விதிகள், உலகம் முழுவதும் இருந்து அறை பிடிக்கிற முன்பதிவு வலை. அதற்காக அறை வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறீர்கள். இலாபத்தில் பங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மொத்த அறை வருமானத்தில்தான். ராயல்டி, விளம்பர நிதி, முன்பதிவுக் கட்டணம், அடிக்கடி வரும் விருந்தினருக்கான புள்ளித் திட்டச் செலவு என்று எல்லாவற்றையும் கூட்டினால் பத்து வீதத்தைத் தாண்டிவிடுவது சாதாரணம். நட்டம் வந்த மாதத்திலும் அது போகும்.

பெயர், தர விதிகள், முன்பதிவு வலை என்ற மூன்றில் விடுதிக்குச் சோறு போடுவது முன்பதிவு வலைதான். ஒப்பந்தத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். பிராண்டின் பெயர் வேண்டாம். முதலாளி எங்கள் ஊர்க்காரர், நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். 62 அறைகள். ஒரு குளிர்காலத்தில் கூரை ஒழுகி, மேல்மாடியில் எட்டு அறைகளைப் பூட்டி வைக்க வேண்டி வந்தது. திருத்த வேலைக்குக் காசு போனதால் பிராண்டுக்குக் கட்ட வேண்டிய மூன்று மாதக் கட்டணம் நிலுவையில் விழுந்தது. அண்ணை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் முடிந்ததைக் கட்டினார், அவர்களும் வாங்கினார்கள். வாங்குகிறார்களே, அப்படியென்றால் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

ஓகஸ்ட் மாதம் முதல் திங்கள் அங்கே விடுமுறை. எங்களுக்கு நல்லூர்த் திருவிழாக் காலம் எப்படியோ, நெடுஞ்சாலை விடுதிக்கு அந்த வாரஇறுதி அப்படி. அதற்கு முந்தின வியாழன் பின்னேரம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பிரிண்டர் நின்றது. புதுப் பதிவு வரும்போதெல்லாம் ஒரு சிறு தாளைத் துப்புகிற பிரிண்டர் அது. அந்தச் சத்தம் எங்களுக்கு மூச்சுச் சத்தம் மாதிரி, கேட்கிறது என்றே தெரியாது. நின்றபோதுதான் தெரிந்தது. தாள் முடிந்துவிட்டதாக்கும் என்று திறந்து பார்த்தேன், தாள் இருந்தது. இணையக் கம்பியைக் கழற்றிப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணை வந்தார். "தங்கச்சி, சைட்டிலை எங்கடை பேரையே காணேல்லை" என்றார். பிராண்டின் இணையத்தளத்தில் எங்கள் ஊரைத் தேடினால் அடுத்த ஊர் விடுதியைக் காட்டியது. வெளியே முப்பது அடி உயரத்தில் அதே பிராண்டின் பலகை எரிந்துகொண்டிருந்தது.

அந்த வாரஇறுதியில் வழக்கமாக விடுதி நிரம்பி வழியும். அந்த முறை வெள்ளிக்கிழமை இரவு பதினேழு அறைகள். அதிலும் பாதி, முன்பே பதிந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை வங்கி திறந்ததும் அண்ணை மனைவியின் நகையை வைத்து எடுத்த காசோடு முழு நிலுவையையும் கட்டினார். அன்றே இணைப்பு வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வரவில்லை. நிலுவைக்கு வட்டி வந்தது. அதைக் கட்டிய பிறகு, மீள இணைப்பதற்கென்று தனிக் கட்டணம் வந்தது. அதையும் கட்டியபோது, விடுதியை மறுபடி பரிசோதிக்க வேண்டும், அந்தப் பரிசோதனைக்கும் கட்டணம் என்றார்கள். பரிசோதகர் வர இரண்டு வாரம் பிடித்தது. கடைசியாக ஒரு தாள் வந்தது: இதுவரை நடந்த எதற்கும் பிராண்டின் மீது எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணை அதிலும் கையெழுத்துப் போட்டார். இருபத்துமூன்றாம் நாள் பிரிண்டர் மறுபடி சத்தம் போட்டது. அந்த மாதத்துக் கட்டணப் பட்டியலில் அறைக்கு இவ்வளவு என்று வருகிற தொழில்நுட்பக் கட்டணம் முழுதாக இருந்தது. வெட்டியிருந்த நாட்களுக்கும் சேர்த்து.

இதில் ஒன்றுகூட ஒப்பந்தத்துக்கு வெளியே நடக்கவில்லை. நான் அன்றிரவு அலமாரியில் இருந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எல்லாம் எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம், அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

நீங்களும் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள். பிராண்டுக்குப் பிராண்டு சொற்கள் மாறும், எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்பந்தத் தவறுகளை இரண்டு கூடையில் போட்டிருப்பார்கள். ஒன்று, திருத்திக்கொள்ள அவகாசம் உள்ளவை. காசு கட்டாவிட்டால் பெரும்பாலும் பத்து நாள் அளவு, தரப் பரிசோதனையில் தவறினாலோ வேறு விதியை மீறினாலோ முப்பது நாள் அளவு கொடுப்பார்கள். மற்றது, அவகாசமே இல்லாதவை: வங்குரோத்து, கட்டடம் உங்கள் கையை விட்டுப் போதல், பொய்க் கணக்கு, விருந்தினரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான நிலை, அனுமதி கேட்காமல் உரிமையை இன்னொருவருக்கு மாற்றுதல். பலர் கவனிக்காத இன்னொன்றும் இந்தக் கூடையில் இருக்கும். பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மாதத்துக்குள் இரண்டு மூன்று முறை தவறு அறிவித்தல் வந்திருந்தால், ஒவ்வொன்றையும் நீங்கள் நேரத்துக்குத் திருத்தியிருந்தாலும், அடுத்த முறை அவகாசம் இல்லாமலே முடித்துவிடலாம் என்று எழுதியிருப்பார்கள்.

சேவையை இடைநிறுத்துவது இதற்கெல்லாம் வேறான ஒரு பிரிவில் இருக்கும். ஒப்பந்தத்தை முடிக்க அவகாசம் முழுதாகக் கழிய வேண்டும். இணைப்பை வெட்ட அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. முடித்தல் என்பதுதான் பயங்கரம் என்று எல்லோரும் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். உண்மையில் விடுதியின் கழுத்தைப் பிடிப்பது இடைநிறுத்தல்தான். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், பலகை எரியும், கட்டணம் ஓடும், வருமானம் மட்டும் வராது. வருமானம் இல்லாமல் நிலுவையை எங்கே இருந்து கட்டுவது?

இன்னும் இரண்டு வரிகள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். பிந்திய காசை அவர்கள் ஏற்றுக்கொண்டாலும் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்பது ஒன்று. அண்ணை விழுந்த குழி அதுதான். நீங்கள் கட்டும் காசை எந்த நிலுவைக்கு வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்பது மற்றது. இந்த மாத ராயல்டி என்று எழுதி நீங்கள் அனுப்புவீர்கள். அவர்கள் அதைப் போன வருட வட்டிக்கு வரவு வைத்துவிட்டு, இந்த மாத ராயல்டி கட்டவில்லை என்று அறிவித்தல் அனுப்பலாம்.

முழுதாக முடிந்துபோனால் கணக்கு வேறு. மீதி வருடங்களுக்கான நட்டஈடாக, கடந்த மாதங்களின் சராசரிக் கட்டணத்தைக் குறிப்பிட்ட மாதங்களால் பெருக்கிக் கேட்பது வழக்கம். எங்கள் ஊர் அளவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அறை, நாளுக்குச் சராசரி 24 அறை போகிறது, அறை 15,000 ரூபாய். மாத அறை வருமானம் 1 கோடியே 8 இலட்சம். மொத்தக் கட்டணம் பத்து வீதம் என்றால் 10 இலட்சத்து 80 ஆயிரம். ஒப்பந்தத்தில் 24 மாதம் என்று இருந்தால் 2 கோடியே 59 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பலகையைக் கழற்றுகிற செலவு, சவர்க்காரம் முதல் துவாய் வரை பெயர் பொறித்த எல்லாவற்றையும் மாற்றுகிற செலவு தனி. நீங்களோ உங்கள் மனைவியோ சொந்தப் பிணை கொடுத்திருந்தால், கம்பனியில் காசு இல்லை என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். இங்கே இன்னும் சிக்கல்.

முதலாவது, டொலர். கட்டணம் டொலரில் என்று ஒப்பந்தம் சொன்னால் 2022 ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த மாதங்களில் கையில் ரூபாய் இருந்தவர்கள்கூட வங்கியில் டொலர் இல்லாமல் வெளியே காசு அனுப்ப முடியாமல் நின்றார்கள். அப்படி நிற்பவரும் பிராண்டின் புத்தகத்தில் தவறியவர்தான். போர், வெள்ளம், தொற்றுநோய் போன்றவற்றுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் பிரிவு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், ஆனால் காசு கட்டும் கடமைக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவின் கடைசி வரியில் எழுதியிருக்கும். உள்ளூர் வங்கிக் கணக்கில் ரூபாயைக் கட்டி வைத்தால், அனுப்ப வழி திறக்கும் வரை அது கட்டியதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். எங்கள் நாட்டு நிலைமையைத் தெரிந்துதானே அவர்களும் வருகிறார்கள்.

அப்புறம் முகவரி. எங்கள் விடுதிகளில் பலவற்றுக்கு முதலாளி லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார், நடத்துவது இங்கே உள்ள தம்பியோ மருமகனோ. அறிவித்தல் ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் போனால் கிடைத்ததாகவே கொள்ளப்படும். முதலாளி வேலைக்குப் போன நேரம் கூரியர்காரர் கதவடியில் வைத்துவிட்டுப் போன உறையில் உங்கள் பத்து நாள் கரைந்துகொண்டிருக்கும். விடுதியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உரிமையாளர், இங்குள்ள முகாமையாளர், கடன் தந்த வங்கி ஆகிய மூவருக்கும் மின்னஞ்சலிலும் தாளிலும் அறிவித்தல் வர வேண்டும் என்று எழுதுவியுங்கள். வங்கியைச் சேர்ப்பதில் வெட்கம் வேண்டாம். வெளிநாடுகளில் கடன் கொடுக்கும் வங்கிகள் பிராண்டிடம் தனிக் கடிதமே வாங்கி வைத்துக்கொள்கின்றன: விடுதிக்காரர் தவறினால் எங்களுக்கும் சொல்லுங்கள், நாங்கள் திருத்த எங்களுக்கும் அவகாசம் தாருங்கள் என்று.

மூன்றாவது, எங்கள் குடும்பங்களுக்கே உரிய விஷயம். இங்கே காணி தாய்வழியிலும் சீதனமாகவும் கைமாறுகிறது. மகளின் கலியாணத்துக்கு விடுதிக் காணியில் பாதியை எழுதிக் கொடுக்க நீங்கள் நொத்தாரிசிடம் போவீர்கள். உங்களுக்கு அது கலியாணக் காரியம். ஒப்பந்தத்தின் மொழியில் அது அனுமதி பெறாத உரிமை மாற்றம், அதுவும் அவகாசமில்லாத கூடையில் இருக்கிற தவறு. இறந்துபோன தகப்பனின் பங்கு பிள்ளைகளுக்குப் போவதும் இதே வலையில் சிக்கலாம். குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றத்துக்கு முன்கூட்டிய அறிவித்தல் மட்டும் போதும் என்று விதிவிலக்கு வைக்கிற ஒப்பந்தங்கள் இருக்கின்றன. கேட்டால் கிடைக்கக்கூடியது. தேசவழமை என்கிற எங்கள் வழமைச் சட்டத்தையும் சீதன உறுதியையும் சிங்கப்பூரில் உட்கார்ந்து வரைவு எழுதுகிறவர் தானாக நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன கிழமை நான் கணக்குப் பார்க்கிற ஒரு விடுதியில் குளியலறை ஷவர் தலையைக் கழற்றிப் பார்த்தோம். ஒன்பது மாதம் பழையது. துளைகளில் பாதிக்கு மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்திருந்தது, ஊசியால் குத்தினால் துண்டு துண்டாக உதிர்ந்தது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவரும் கிணற்றுத் தண்ணீர், வேறு எப்படி இருக்கும்? பிராண்டின் தரப் பரிசோதகருக்கு அது புரியாது. அவர் கையில் உள்ள தாளில் தண்ணீர் அழுத்தம், சுடுதண்ணீர் வரும் நேரம், கறை என்று கட்டங்கள் இருக்கும், புள்ளி குறையும். இரண்டு முறை குறைந்தால் தவறு அறிவித்தல். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைப் பதிவு, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் போன்றவை புதுப்பிப்புக்காக அலுவலகங்களில் கிடக்கும் நாட்களிலும் நீங்கள் காகிதத்தின்படி தவறியவர்தான். விண்ணப்பித்த பற்றுச்சீட்டு இருந்தால் தவறாகக் கொள்ளக்கூடாது என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் எங்களுக்கு ஒரு சட்டக் குடை இருந்தால் பரவாயில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிரான்சைஸுக்கென்றே ஆர்தர் விஷார்ட் சட்டம் என்று 2000 ஆம் ஆண்டில் இருந்து ஒன்று இருக்கிறது. கையெழுத்துக்குப் பதினான்கு நாள் முன்பே முழு விபரமும் எழுத்தில் தர வேண்டும். அறவே தராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். இரண்டு பக்கமும் நேர்மையாக நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவிலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு ஆவணம் கட்டாயம், முடித்தலும் புதுப்பித்தலும் எப்படி என்று அதில் தனிப் பகுதியே உண்டு. மலேசியாவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் தவறைத் திருத்தக் குறைந்தது பதினான்கு நாள் கொடுக்கச் சொல்கிறது. இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் உங்கள் சட்டம். பிணக்கு வந்தால் சிங்கப்பூரிலோ லண்டனிலோ நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தரும் தீர்ப்பு, என்று இருக்கும். அங்கே வரும் தீர்ப்பை 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் இங்கே மேல் நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம். அங்கே போய் வாதாடுகிற செலவை எங்கள் இருபது அறை விடுதி தாங்குமா என்று யோசியுங்கள்.

பிராண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது, கொவிட்டால் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பி வந்தது, 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. ஆட்கள் வருகிறார்கள், நல்ல பெயர் உள்ள விடுதியைத் தேடுகிறார்கள். ஆனால் இதே விமானம் இரண்டரை வருடத்துக்கு மேல் வராமல் இருந்ததையும் பார்த்தோம். கையெழுத்துப் போடுவது பத்து, பதினைந்து, இருபது வருடத்துக்கு. அதற்குள் ஒரு கெட்ட காலமாவது வராமல் போகாது. அந்தக் காலத்தில் உங்களை எப்படி நடத்துவார்கள் என்பதைத்தான் இப்போதே, அவர்கள் உங்களைத் தேடி வந்திருக்கிற நேரத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

மீள இணைப்பதைப் பற்றி வரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றில் "பிராண்டு திருப்தியடைந்த பின்" என்று மட்டும் இருந்தது. திருப்திக்கு நாள் கணக்கு இல்லை. இதை மாற்றக் கேளுங்கள். காசு பிந்தியதற்காக வெட்டினால், காசு போய்ச் சேர்ந்து இரண்டு வேலைநாளுக்குள் இணைப்பு திரும்ப வேண்டும். காசுத் தவறுக்கும் தரப் பரிசோதனைக்கும் முடிச்சுப் போடக்கூடாது. மீள இணைக்கும் கட்டணம் எவ்வளவு என்று தொகையாகவே இருக்க வேண்டும், "அப்போதைய கட்டணம்" என்று இருந்தால் விடாதீர்கள். இணைப்பு இல்லாத நாட்களுக்கு முன்பதிவு, தொழில்நுட்பக் கட்டணங்கள் ஓடக்கூடாது. நீங்கள் எழுத்தில் மறுப்புச் சொன்ன கட்டணப் பட்டியலுக்காக வெட்டக்கூடாது. திருத்தி முடித்த பழைய தவறு ஒரு வருடத்தில் கணக்கில் இருந்து விழ வேண்டும். கோரிக்கை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதை இணைப்புக்கு நிபந்தனை ஆக்கக்கூடாது. எல்லாம் கிடைக்காது, எனக்குத் தெரியும். இணைப்பு திரும்பும் நாள் கணக்கையும் டொலர் பற்றிய வாசகத்தையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதில் பேரம் பேசலாம்.

ஒருவராகப் போனால் "இது எங்கள் நிலையான படிவம், மாற்ற முடியாது" என்பார்கள். எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. நீங்கள் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள்தான், திருவிழாக் காலத்தில் ஒரே விருந்தினருக்காக இழுபடுகிறீர்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒன்றாக இருங்கள். வரைவு வந்திருப்பவர்கள் சேர்ந்து, பிரான்சைஸ் ஒப்பந்தம் தெரிந்த ஒரு சட்டத்தரணியைப் பொதுவில் அமர்த்துங்கள். செலவைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு குளிரூட்டி விலைகூட வராது. வரைவில் இரகசியக் காப்புப் பிரிவு இருந்தால், காட்ட முன் அதை அவரிடமே கேளுங்கள். கட்டண வீதத்தை மறைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வியாபாரம். தவறு, இடைநிறுத்தல், மீள இணைத்தல் உள்ள பக்கங்களை மட்டும் மேசையில் வையுங்கள்.

நான் வருகிறேன், கூலி வேண்டாம். அண்ணையின் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று அவர் சம்மதத்தோடு என்னிடம் இருக்கிறது, பெயர்களை மறைத்துக் கொண்டுவருகிறேன். ஓகஸ்ட் மாதத்துப் பட்டியலும் அதோடு இருக்கிறது. இருபத்துமூன்று நாளுக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை அறை போனது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம் வசதிப்படுமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து ஒரு கணக்காளர்